தாழ்வாக அடித்த ஆணி

உரஷிரி
செப்டம்பர் 24

அன்பான என்னவருக்கு மிசாவோ எழுதுவது.

நலம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு, வரப்பில் சிவப்பு அல்லி பூத்ததையும் இஞ்சி விளைச்சலையும் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. நானும் உயிரோடு இருக்கிறேன், மாமாவும் உயிரோடு இருக்கிறார். முதலில் அதை மனதில் வாங்கிக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

கெசென்னுமா துறைமுகத்துக் குளியல் விடுதி விலாசத்துக்கே இதை அனுப்புகிறேன். படகு கரை பிடித்ததும் நீங்கள் முதலில் ஓடுவது அந்த வெந்நீர்த் தொட்டிக்குத்தான். விடுதிக்கார அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நேற்று சாயந்தரம் நடுக்கடலிலிருந்து பேசினீர்களே, அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். மாமா பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். உங்கள் பக்கமும் ஆட்கள் சத்தம். "நீ மேல போயிட்ட இல்ல?" என்று கேட்டீர்கள். போய்விட்டேன் என்றேன். "சரி, அது போதும்" என்று வைத்துவிட்டீர்கள். உங்கள் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவசரத்தில் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நடந்தது இதுதான். நேற்று மத்தியானம் நான் கொட்டகையில் வைக்கோல் தீ மூட்டிச் சூரை மீன் சுட்டுக்கொண்டிருந்தேன். தரை முதலில் மெல்ல ஆடியது, பிறகு நிற்காமல் ஆடியது. நிற்காமல் ஆடினால் என்ன என்று நமக்குத் தெரியும். தீயில் தண்ணீரைக் கொட்டிவிட்டு எல்லோரும், கடல் அலைக்குத் தப்ப ஊராட்சி கட்டிய கோபுரத்துக்கு ஓடினோம். கொட்டகையின் தலைவி கியோமி அக்கா அந்த உடம்பை வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார்.

வழியில் நம் தெரு முனையில் நின்று வீட்டைப் பார்த்தேன். வாசலில் மஞ்சள் துணி தொங்கியது. 'போய்விட்டோம்' என்று ஊராட்சியில் அச்சடித்துக் கொடுத்தார்களே, அந்தத் துணிதான். அப்பாடா, நொபுயுகி வந்து மாமாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு ஓடினேன். இடுப்பு முறிந்ததிலிருந்து மாமாவைக் கோபுரம் ஏற்றுவது தீயணைப்புக் குழுவில் இருக்கிற அவன் பொறுப்புதானே.

கோபுரத்து உச்சியில் நொபுயுகி தலைகளைப் பார்த்துப் பேர் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் மாமா இல்லை. எங்கே என்று நான் கேட்பதற்குள் அவனே, "பெரியப்பாவை எங்க உக்கார வெச்சீங்க அண்ணி?" என்று கேட்டான்.

நீ கூட்டி வரவில்லையா என்றேன். அவன் முகம் வெளுத்துப்போனது. "துணி தொங்குச்சே. நீங்கதான் கூட்டிட்டுப் போயிட்டீங்கன்னு நினைச்சு நிக்காம வந்துட்டேனே" என்றான். துணி தொங்கும் வீட்டில் நிற்கக்கூடாது, அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். அதுதானே குழுவின் விதி. அவன் மேல் தப்பில்லை.

நான் படியை நோக்கிப் போனேன். கியோமி அக்கா என் மேலங்கியின் முடிச்சைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். நொபுயுகி படியின் குறுக்கே நின்றான். "விடுடா" என்றேன். "விட மாட்டேன் அண்ணி. என்னை அடிச்சுக்கோங்க" என்றான். அடிக்கவும் அடித்தேன். அதை வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

அங்கிருந்து நம் கூரை தெரிகிறது. சீமைப்பனிச்சை மரத்துக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு புள்ளி. துறைமுகத்துத் தண்ணீர் உள்வாங்கியது, படகுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. பிறகு தண்ணீர் திரும்பி வந்தது. படகு இழுக்கும் சரிவில் ஏறி, பனிக்கட்டிக் கிடங்கின் தரையை நனைத்துவிட்டுப் போய்விட்டது. அவ்வளவுதான் வந்தது. ஆனால் அது வரும்வரை நான் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைவிட நீளமான நேரம் என் வாழ்க்கையில் இருந்ததில்லை.

ஒலிபெருக்கியில் இறங்கலாம் என்று சொன்னதும் ஓடினேன். மாமா கூடத்தில், அத்தை படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். தலை வாரியிருந்தார். படகுத் தலைவராக இருந்த காலத்து நீலச் சட்டையைப் போட்டிருந்தார். பெரிய மீன்பாடு கிடைத்த வருஷம் முதலாளி தைத்துக் கொடுத்ததாயிற்றே, திருவிழாவுக்கும் சாவுக்கும் மட்டும் பெட்டியிலிருந்து எடுப்பாரே, அந்தச் சட்டை.

"எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்டார்.

கணுக்கால் அளவு என்றேன்.

"இதுக்கா இவ்வளவு ஓட்டம்" என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி மடித்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மறந்துபோய் உட்கார்ந்திருக்கவில்லை. தயாராகி உட்கார்ந்திருந்திருக்கிறார். யாரும் தன்னைத் தேடி உள்ளே வரக்கூடாது என்று துணியைத் தானே கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

கத்த வேண்டும் போலிருந்தது. அடுக்களைக்குப் போய் சூப் வைத்தேன். வாயில் வைக்க முடியாத உப்பு. அவர் மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தார்.

இதோடு போயிருந்தால் நீங்கள் வரும்வரை பொறுத்திருப்பேன். ஆனால் இதைவிடப் பெரியது ஒரு வாரத்துக்குள் வரலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். செருப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கச் சொல்கிறார்கள். கரை சேர்ந்ததும் மாமாவோடு பேசுங்கள். கெஞ்சுவீர்களோ திட்டுவீர்களோ, அது உங்கள் பாடு. நான் சொன்னால் மருமகள் பேச்சு. நீங்கள் சொன்னால் கேட்பார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மேல்தளத்தில் ஈரக்காலோடு ஓடாதீர்கள்.

உங்கள்
மிசாவோ


உரஷிரி
செப்டம்பர் 27

என்னவருக்கு,

முன் கடிதம் கிடைத்ததோ இல்லையோ தெரியாது. இதையும் எழுதுகிறேன். வாரம் இன்னும் முடியவில்லை. லாரி போனாலும் ஊரே வாசலுக்கு வந்து நிற்கிறது. கொட்டகையில் பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை. வந்தவர்களும் மீனைப் பாதி கருக்கிவிடுகிறோம். கருகிய மீனை வாங்கிக்கொண்டு போகிறவர்கள்கூட ஒன்றும் சொல்லாமல் காசைக் கொடுக்கிறார்கள்.

மாமாவோடு சண்டை போட்டுவிட்டேன். மருமகளாக வந்த நாளிலிருந்து சேர்த்துவைத்த சண்டையை ஒரே நாளில் போட்டேன். "ஏன் இப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டதற்கு முதலில், இடுப்பு வலி, எழுந்திருக்க முடியவில்லை என்றார். எழுந்திருக்க முடியாதவர் துணியை எப்படிக் கட்டினார் என்றேன். அப்புறம்தான் உள்ளே இருந்தது வெளியே வந்தது.

போன வருஷத்து ஒத்திகை உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் அப்போது கடலில் இருந்தீர்கள், நான் சொல்லியிருக்கிறேன். நொபுயுகியும் இன்னொருவனும் மாமாவை மாற்றி மாற்றி முதுகில் சுமந்து ஏறினார்கள். சரிவுப் பாதை வைத்த கோபுரம் பக்கத்து ஊருக்குத்தான் கிடைத்தது, நமக்கு வெறும் படி. ஊரே மேலே போய்ச் சேர்ந்து தேநீர் குடித்து முடித்த பிறகும் அவர்கள் பாதிப் படியில் இருந்தார்கள். அலை வந்திருந்தால் மூன்று பேரும் போயிருப்பார்கள். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த மௌனத்தை உடைக்கத்தான் கியோமி அக்கா, "தமெஜி அண்ணே, நீங்க மனுஷனா திமிங்கலமா? ரெண்டு ஆம்பளைங்க நாக்குத் தள்ளிப்போச்சே" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். மாமாதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டாராம். "என் படகுல ஒருத்தன் வலைல மாட்டிக்கிட்டா வலையை அறுப்போம். படகைக் கவுக்க மாட்டோம். இப்ப நான்தான் அந்த வலை. அறுத்து விடு" என்றார். சூரைப் படகில் ஏது வலை, தூண்டில்தானே என்று நான் கேட்டேன். "பேச்சுக்குச் சொன்னா அதையும் பிடிச்சுக்குவா" என்று தடியைத் தரையில் தட்டினார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே அழுதேன்.

நொபுயுகியும் வந்தான். வாசலில் நின்று தலை குனிந்து, "பெரியப்பா, இனிமே உங்க வீட்டுத் துணியை நான் நம்பறதா இல்ல. தொங்கினாலும் உள்ள வந்து பாப்பேன்" என்றான்.

"வராதே" என்றார் மாமா.

"வருவேன்."

"ரெண்டு பொட்டப்புள்ளைங்களை வெச்சிருக்க. அறிவிருக்கா உனக்கு?"

"உங்களுக்கு இருந்தா நான் ஏன் வரப்போறேன்" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். பெரியவர்கள் முன்னால் குரல் உயர்த்தாத பையன். மாமா அதற்குப் பிறகு சாப்பிடவில்லை. தான் துணி கட்டினால் அவன் பிழைப்பான் என்று கணக்குப் போட்டிருந்தார். இப்போது துணி கட்டினாலும் அவன் வருவான். பொய் தெரிந்துபோன பிறகு அந்தத் துணிக்கு மதிப்பில்லை. அது அவருக்கு உறைத்தது, ஆனால் மனம் மாறவில்லை.

மாமா கழற்றி வைத்திருந்த துணியை நான் எடுத்து அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தேன். மறுநாள் கியோமி அக்கா சிரித்த முகத்தோடு புதுத் துணி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். "தமெஜி அண்ணன் போன் பண்ணினாரு, பழசு காத்துல பறந்துடுச்சாமே" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொல்லி வாங்கினேன். மாமா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி எழுதப்போவதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

அந்தப் புதுத் துணியை எங்கே வைப்பது என்று வாசலில் நின்று யோசித்தபோது ஒன்று உறைத்தது. நம் வீட்டுத் துணிக்கான கொக்கி நிலையின் மேல் சட்டத்தில் இருக்கிறது. நானே எம்பினால்தான் எட்டும். கூன் விழுந்த மாமாவுக்கு அது எட்டவே எட்டாது. அப்படியானால் அன்றைக்குத் துணி எங்கே தொங்கியது? தெருமுனையிலிருந்து நான் நிறத்தைத்தான் பார்த்தேன், உயரத்தைப் பார்க்கவில்லை.

குனிந்து தேடினேன். நிலைக்காலில், இடுப்பு உயரத்துக்கும் கீழே, உள்ளிருந்து பார்த்தால் செருப்பு அலமாரி மறைக்கிற இடத்தில் ஓர் ஆணி. உட்கார்ந்தபடியே கை நீட்டினால் எட்டும். துருப்பிடிக்காத படகு ஆணி. துணி நழுவாமல் இருக்க அதன் கழுத்தில் நூல் சுற்றியிருந்தது. தூண்டில் முள்ளுக்கு நீங்கள் சுற்றுகிற சுற்று அது. கையை ஒரு தடவை பின்னுக்குத் திருப்பி முடிகிற அந்த முடிச்சை இந்த ஊரில் வேறு யாரும் போடுவதில்லை.

மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பொய் சொல்லவில்லை. "நான்தான் கேட்டேன். பிப்ரவரியில, படகு கிளம்புறதுக்கு முந்தின நாள்" என்றார். "எதுக்குன்னு உங்க மகன் கேக்கலையா?" என்றேன். "கேக்கல. என் முகத்தைப் பாத்தான். போயி சுத்தியல் எடுத்துட்டு வந்தான். குனிஞ்சு அடிச்சான். அடிச்சு முடிச்சும் ரொம்ப நேரம் எந்திரிக்கல." பிறகு, "அவனைத் திட்டாத மிசா. அந்தக் குளியல் விடுதிக்கார அம்மா மகனோட படத்தை வருஷா வருஷம் பாத்துட்டு வர்றவன் அவன்" என்றார்.

எனக்கும் அந்தப் படம் தெரியும். நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், தீயணைப்புக் குழுத் தொப்பியோடு. வர மாட்டேன் என்ற ஒரு பெரியவரைக் கூப்பிட்டுக்கொண்டே நின்று, அவரோடு சேர்ந்து அலையில் போன பையன். நொபுயுகிக்கும் எனக்கும் அப்படி ஆகக்கூடாது என்று அந்த ஆணியை அடித்தீர்கள். காரணம் எனக்குப் புரியாமல் இல்லை.

அன்றைக்குச் சுத்தியல் சத்தம் என் காதில் விழுந்தது. நான் மறுநாள் பயணத்துக்கு உங்களுக்குச் சோற்றுருண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். செருப்பு அலமாரியைச் சரி செய்கிறீர்கள் என்று நினைத்து, "அப்படியே குளியலறைக் கதவையும் பாருங்க" என்று உள்ளிருந்து கத்தினேன். "பாக்கறேன் பாக்கறேன்" என்று சிரித்தபடி பதில் சொன்னீர்கள். மறுநாள் துறைமுகத்தில் வண்ணக்காகிதம் வீசி உங்களை அனுப்பிவைத்தேன். நீங்களும் மாமாவும் பேசி முடித்த வீட்டில், ஒன்றும் தெரியாமல் சோறு போட்டுக்கொண்டும் துணி துவைத்துக்கொண்டும் இத்தனை மாதம் நான் இருந்திருக்கிறேன்.

அன்றைக்குப் போனில் நீங்கள் அப்பாவைப் பற்றிக் கேட்காததற்கும் இப்போது காரணம் தெரிந்துவிட்டது. நீங்கள் மறக்கவில்லை. பதிலைக் கேட்கப் பயந்தீர்கள்.

எனக்கு உங்கள் மேல் கோபம். மாமா மேல் வந்ததைவிட அதிகமான கோபம். அவர் தன் உயிரைத்தானே விடப் பார்த்தார். நீங்கள் இருவரும் சேர்ந்து எனக்கு என்ன வைத்துவிட்டுப் போகப் பார்த்தீர்கள் என்று யோசித்தீர்களா? கோபுரத்து உச்சியில் நின்று அந்த மஞ்சள் புள்ளியைப் பார்த்துக்கொண்டே மீதி நாளைக் கழிக்கிற பிழைப்பை வைத்துவிட்டுப் போகப் பார்த்தீர்கள்.

இதற்கு மேல் எழுதினால் காகிதம் கிழிந்துவிடும்.

மிசாவோ


பள்ளிக்கூடம், உரஷிரி
அக்டோபர் 1

என்னவருக்கு,

நேற்று நாங்கள் தங்கியிருக்கும் பள்ளிக்கூடத்துப் போனில் நாம் இருவரும் பேசியதைப் பேச்சென்று சொல்ல முடியாது. "ரெண்டு கடிதமும் கெடச்சுது" என்றீர்கள். அப்புறம் பனிக்கட்டி உடைக்கிற இயந்திரத்தின் சத்தம்தான் கேட்டது. நானும் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பின்னால் போனுக்காக ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அதனால் நடந்ததை எழுதியே தெரிவிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை மெல்லத் தொடங்கவில்லை. எடுத்த எடுப்பில் தூக்கிப் போட்டது. கூரை ஓடுகள் சரிந்து முற்றத்தில் விழுந்தன. அத்தையின் படம் கவிழ்ந்தது. ஆட்டம் அடங்குவதற்குள் சங்கு ஊதத் தொடங்கிவிட்டது.

நான் உள்ளே ஓடியபோது மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டிருந்தார். புதுத் துணி அவர் கையில் இருந்தது. அதைத் தலையணைக்கடியில் வைத்திருந்திருக்கிறார். அலமாரியைப் பிடித்து மெல்ல உட்கார்ந்து, நீங்கள் அடித்த ஆணியில் மாட்டினார். மாட்டிவிட்டு என்னைப் பார்த்து, "போ" என்றார்.

நான் செருப்பைப் போட்டேன். போட்டுவிட்டு அவர் பக்கத்தில், அந்தத் துணிக்குக் கீழே உட்கார்ந்தேன்.

"என்னடி பண்ற?"

"நீங்க எந்திரிச்சா நானும் எந்திரிப்பேன்."

தடியால் தரையை அடித்தார். என்னைத் தள்ளினார். அந்தக் கையில் இன்னும் எவ்வளவு பலம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. நான் நிலைக்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். "என் மகன் ரியோஹெய்க்கு நீ ஒருத்திதானடி இருக்க, புள்ளை குட்டி இருக்கா?" என்று கத்தினார். "அவருக்கு அப்பாவும் ஒருத்தர்தான்" என்றேன். அவர் அழுதார். அத்தை போனபோதுகூட மனுஷன் அழவில்லை. அழுதுகொண்டே, "போயிடு தாயி, போயிடு" என்றார்.

அவரை மிரட்டுவதற்காக நான் உட்கார்ந்தேன் என்று நினைக்காதீர்கள். மிரட்டுவதா நிஜமா என்று எனக்கே அப்போது தெரியாது. இன்னொரு தடவை மேலே நின்று பார்க்க என்னால் முடியாது என்பது மட்டும் தெரிந்திருந்தது.

தெருமுனையில் நொபுயுகியின் சின்ன லாரி ஹாரன் அடித்தது. எல்லோரும் மேலே போகிற நேரத்தில் அது கீழே திரும்பி, நம் வீட்டை நோக்கி வந்தது. மாமா எட்டிப் பார்த்தார். "இந்தப் பய சொன்ன மாதிரியே வர்றானே" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

கோபுரத்தின் அடியில் நொபுயுகி முதுகைக் காட்டிக் குனிந்தான். மாமா ஏறவில்லை. முதல் படியில் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்தார். இரண்டு கையையும் பின்னால், மேல் படியில் ஊன்றினார். உடம்பைத் தூக்கி அந்தப் படியில் உட்கார்ந்தார். மறுபடி ஊன்றினார், மறுபடி தூக்கினார். தூண்டில் கழியில் சூரையை அள்ளி அள்ளித் தலைக்கு மேலே வீசிய கை. இடுப்புதான் போயிருக்கிறது, கை போகவில்லை. இது எங்கள் யாருக்கும் தோன்றியதே இல்லை, அவருக்கும் தோன்றியதில்லை. சுமப்பது, சுமக்கப்படுவது என்று இரண்டே வழியைத்தான் எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்தோம்.

கியோமி அக்கா மேலிருந்து இறங்கி வந்து அவருடைய தடியை வாங்கிக்கொண்டார். பின்பக்கமாகவே ஏறுகிற மாமாவைப் பார்த்து, "அன்னிக்குத் தெரியாம திமிங்கலம்னு சொல்லிட்டேன் அண்ணே. நண்டுன்னு சொல்லியிருக்கணும்" என்றார். "வாயை மூடிட்டு ஏறு" என்றார் மாமா. அவருக்கு மூச்சு வாங்கியது, ஆனால் வாய் சிரித்தது. நான் அவருக்குக் கீழே ஒவ்வொரு படியாக, நழுவினால் தாங்குவதற்குக் கையை நீட்டியபடி ஏறினேன். நொபுயுகி எனக்குக் கீழே ஏறினான். உச்சிக்குப் போனபோது அவர் உள்ளங்கை இரண்டும் உரிந்து ரத்தம்.

அலை அதற்குப் பிறகுதான் வந்தது. இந்தத் தடவை கணுக்கால் அளவு இல்லை. பனிக்கட்டிக் கிடங்கின் கதவைப் பெயர்த்துக்கொண்டு, நம் தெருவில் நுழைந்து, இஞ்சி வயல் வரைக்கும் போய்த் திரும்பியது. கொட்டகை இல்லை. யாரும் சாகவில்லை. துணி தொங்கிய வீடுகள் எல்லாமே அன்றைக்கு உண்மையாகவே காலியாக இருந்தன, நம் வீடும்தான்.

நேற்று போய்ப் பார்த்தேன். வீடு நிற்கிறது. பாய்கள் ஊறிப்போய்க் கிடக்கின்றன. அடுக்களை முழுக்கச் சேறு. அத்தை படத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தேன். மாமாவின் நீலச் சட்டை பெட்டியோடு போய்விட்டது. சொன்னேன். "போகட்டும், இனி எனக்கெதுக்கு" என்றார்.

நிலைக்காலில் தண்ணீர் ஏறிய கோடு தெரிகிறது. அந்த ஆணிக்கு மேலே இருக்கிறது. துணியைக் கடல் கொண்டுபோய்விட்டது. ஆணி அப்படியே இருக்கிறது. நூல்கூட அவிழவில்லை. உங்கள் முடிச்சு அவ்வளவு சுலபத்தில் அவிழாது.

அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில், நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்த இடத்தில் மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். கோடு என் தலைக்கு மேலே இருந்தது. அங்கே உட்கார்ந்தபடியே உங்களையும் நினைத்தேன். ஆணியை அடித்து முடித்து ரொம்ப நேரம் எழாமல் இருந்தீர்களாமே. நான் உள்ளே சோற்றுருண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேனே. ஏன் கூப்பிடவில்லை? கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன், போகவில்லை. ஆனால் அந்த இடத்தில் உட்கார்ந்தபோது உங்கள் முதுகைத் தடவிக்கொடுக்க வேண்டும் போலிருந்தது.

மாமாவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். உரிந்த கையால் ஏற்பட்டது, பயப்பட வேண்டாம், மருந்து கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் போனில் வந்தீர்கள் என்று சொன்னதும், "திட்டினியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பேசினியா?" என்று கேட்டார். அதற்கும் இல்லை என்றேன். போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

விடுதிக்கார அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். எங்கள் ஊர் நொபுயுகி திரும்பி வந்துவிட்டான் என்று சொல்லுங்கள். அவருக்குப் புரியும்.

உங்கள் படகின் மீன்பாட்டுப் பருவம் முடிய இன்னும் நாள் இருக்கிறது என்று தெரியும். படகுத் தலைவரிடம் கேட்டுப் பாருங்கள். அவரும் மாமாவிடம் கழி பிடிக்கக் கற்றவர்தானே, இல்லை என்று சொல்ல மாட்டார். சேற்றை வாருவதற்கோ பாய் மாற்றுவதற்கோ நீங்கள் வர வேண்டாம். அதை நானும் நொபுயுகியும் கியோமி அக்காவும் பார்த்துக்கொள்வோம். அந்த ஆணியைப் பிடுங்க நொபுயுகி குறடு எடுத்தான். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். மாமாவும் கை வைக்க மாட்டேன் என்கிறார். அடித்த கையே வந்து பிடுங்கட்டும்.

சுத்தியலைச் சேற்றிலிருந்து தேடி எடுத்துக் கழுவி, எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். நீங்கள் குனிகிறபோது இந்தத் தடவை நானும் வாசலில் இருப்பேன். பத்திரமாக வாருங்கள்.

உங்கள்
மிசாவோ